பெத்ரோ ஹிமேனெஸ்: இருமல் மருந்திலிருந்து ஆரஞ்சு வரை

தெற்கு ஸ்பெயினில் உள்ள கோர்தோபாவுக்குக் குடிவந்த முதல் ஆகஸ்டில், தெருமுனைக் கடையில் ஒன்பது யூரோ கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன். லேபிளில் பெத்ரோ ஹிமேனெஸ் என்று போட்டிருந்தது. அந்தலூசியாவின் பேர்போன இனிப்பு ஒயின், ஊருக்கு வந்துவிட்டு இதைக் குடிக்காமல் இருப்பதா என்று அன்று ராத்திரியே திறந்தோம். பகலில் வெளியே 43 டிகிரி. சமையலறை அலமாரிக்குள் அதில் பத்துதான் குறைந்திருக்கும். ஆளுக்கு ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி, இனிப்பு ஒயினுக்கு இனிப்புதானே பொருத்தம் என்று கேக்கும் வெட்டி வைத்தேன். ஒரு வாய் குடித்ததும் கணவர் சொன்னார்: "சின்ன வயசுல இருமலுக்குக் குடுப்பாங்களே, அதுவேதான்." எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூடியைத் திருகி வினிகர் பாட்டிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அதைக் கண்டுபிடித்தவர் மாடி வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர். பிறந்து வளர்ந்தது இங்கிருந்து தெற்கே நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மொந்தியாவில். ஏதோ கேட்டு வந்தவர் அலமாரியைப் பார்த்துவிட்டு, "மகளே, இதை யார் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது?" என்றார். பாட்டிலை எடுத்து நேராக ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து, எண்ணெயில் பொரித்து உப்புப் போட்ட பாதாம் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தார். சின்னக் கிளாஸில் ஒரு விரற்கடை அளவுக்கு மேல் ஊற்றவில்லை. "ரெண்டு பாதாமைக் கடி. அப்புறம் உதட்டை நனைக்கிற அளவுக்குக் குடி."

பாட்டில் அதேதான். ஆனால் இப்போது உலர்திராட்சை வந்தது, பின்னாலேயே காப்பிக்கொட்டை வறுத்த வாசம் வந்தது, அடியில் அதிமதுரம் மாதிரி ஏதோ ஒன்று. ஒரு வருஷம் திறந்து கிடந்தும் கெட்டுப்போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு சர்க்கரையும் சாராயமும் இருக்கிற திரவத்தில் கிருமி என்ன செய்யும்? பீப்பாயில் கிடந்தபோதே காற்றுப் பட்டுப் பட்டுப் பழகிய ஒயின் இது. வாசம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஆகஸ்ட் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை இதற்கு எது துணை, எது துணையில்லை என்று எழுதிவைத்தேன். அந்தக் கணக்குதான் கீழே இருப்பது. தேறியதைவிடச் சொதப்பியதைத்தான் விரிவாக எழுதுகிறேன், பிறருக்குப் பயன்படுவது அதுதான்.

மொட்டை மாடியில் இரண்டு கிலோ

மாடி வீட்டு அம்மாவின் தம்பிக்கு மொந்தியாவில் இன்னும் கொஞ்சம் கொடி இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் அங்கிருந்து இரண்டு கிலோ திராட்சை வந்தது. ஒயின் மை மாதிரி கறுப்பு என்பதால் பழமும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது வெளிர்பச்சை, வெயில் பட்ட பக்கம் மட்டும் மஞ்சள். பெத்ரோ ஹிமேனெஸ் என்பது முதலில் இந்தத் திராட்சையின் பெயர், அப்புறம்தான் ஒயினின் பெயர். தோல் மெல்லிசு, அழுத்திப் பிடித்தால் நசுங்கிவிடும்.

மொந்தியாப் பக்கம் ஆகஸ்டிலேயே கொத்துகளை வெட்டி, பசேரா என்று சொல்லும் களத்தில் பாய் விரித்துக் காயப் போடுவார்கள். முன்பு எஸ்பார்த்தோ என்ற புல்லில் முடைந்த பாய், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஒரு வாரம் பத்து நாள் காயும், இடையிடையே கையால் புரட்டிவிட வேண்டும். இதற்கு அசொலேயோ என்று பேர். வற்றல் போட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நானும் மாடியில் மூங்கில் தட்டியில் பரப்பினேன். முதல் நாள் தராசில் 2000 கிராம். மறுநாள் குளவி வந்துவிட்டது. ஒன்றல்ல, ஊர்ப்பட்ட குளவி. பழைய கொசுவலையை வெட்டி மூடினேன். ராத்திரி ஈரம் இறங்கும், உள்ளே எடுத்து வை என்று மாடி வீட்டு அம்மாவின் கட்டளை, தினமும் எடுத்து வைத்தேன். நான்காம் நாள் 1500 கிராம். எட்டாம் நாள் 1090. பாதியைக் கொஞ்சம் தாண்டிய எடைதான் மிச்சம். பழம் சுருங்கிப் பழுப்பேறி, முழு உலர்திராட்சைக்கு முந்தின பதத்தில் இருந்தது.

பிழிவதுதான் கொடுமை. துணியில் கட்டிக் கையால் முறுக்கினேன், மணிக்கட்டு போய்விட்டது. ஆலிவ் எண்ணெய் ஆட்டுகிற மாதிரி வட்டப் பாய்களுக்கு நடுவே பழத்தை அடுக்கி மேலிருந்து அழுத்துவது அங்கே வழக்கம். ஏன் அவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு கிளாஸுக்கும் குறைவு. தேன் மாதிரி வடிந்தது. விரலில் தொட்டு நக்கினால் உலர்திராட்சை, கொஞ்சம் தேன், கொஞ்சம் பச்சை வாசம்.

காப்பி இல்லை, சாக்லெட் இல்லை, அதிமதுரம் இல்லை. இந்த ஒரு கிளாஸ் சாறுக்காக எட்டு நாள் குளவியோடு மல்லுக்கட்டியது வீண்போகவில்லை என்று நினைக்கிறேன். கறுப்பும் காப்பியும் எல்லாம் பழத்தில் இருப்பவை அல்ல, பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்து வருபவை என்று நாக்கே சொல்லிவிட்டது. பிற்பாடு எந்தத் தட்டுக்கு எந்தப் பாட்டில் என்று பிரித்தபோது இதுதான் உதவியது. இளசுக்கு ஒரு தட்டு, முதிர்ந்ததற்கு வேறு தட்டு.

சாறுக்கு அப்புறம் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தனை சர்க்கரையில் ஈஸ்ட் திணறும். நொதிப்பு லேசாகத் தொடங்கியதும் திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், ஒயினில் சாராயம் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் போய் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், மொந்தியாவின் இனிப்பில்லாத ஒயின்கள் இந்த வெயிலில் பழுத்த பழத்தால் சாராயம் சேர்க்காமலே 15 சதவீதத்தைத் தொட்டுவிடும். சேர்க்க வேண்டியிருப்பது இனிப்புக்குத்தான். பிறகு பீப்பாய் வரிசைகள். அடி வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்து பாட்டிலில் அடைத்து, எடுத்த அளவை மேல் வரிசையிலிருந்து நிரப்பி, அதை அதற்கும் மேலிருந்து நிரப்பிக்கொண்டே வருவது சொலெரா முறை. ஷெர்ரி ஒயினுக்குப் பேர்போன ஹெரெஸ் ஊரில் அதுதான் நடைமுறை. மொந்தியாவில் அதோடு ஒரே வருஷத்துப் பழத்தைத் தனியாக வைத்து முதிரவிடுவதும் உண்டு. அகிலார் தெ லா ஃப்ரோந்தேராவில் உள்ள தோரோ அல்பலா நிறுவனம் 1946 அறுவடை ஒயினைப் பல பத்தாண்டு பீப்பாயில் வைத்திருந்து பாட்டிலில் அடைத்தது உலகப் பிரசித்தம். அதை வாங்க நான் வீட்டை விற்க வேண்டும்.

உலகம் இந்த ஒயினை ஹெரெஸின் ஷெர்ரி என்றுதான் அறியும். ஆனால் ஹெரெஸ் வட்டாரத்தில் இந்தத் திராட்சை குறைவு. அங்குள்ள நிறுவனங்கள் இளம் பெத்ரோ ஹிமேனெஸைப் பெரும்பாலும் மொந்தியாவிலிருந்து வாங்கித் தங்கள் பீப்பாயில் முதிரவைக்கின்றன, விதியே அதை அனுமதிக்கிறது. மாடி வீட்டு அம்மாவிடம் ஷெர்ரி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "பழம் எங்களுடையது, பேர் அவர்களுடையது" என்று தொடங்கினால் அரை மணி நேரம் போகும். பெயரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. பீட்டர் சீமென்ஸ் என்ற சிப்பாய் ரைன் நதிக்கரையிலிருந்து கொடியைக் கொண்டுவந்தான், சீமென்ஸ்தான் ஹிமேனெஸ் ஆயிற்று என்பார்கள். மரபணு ஆராய்ந்தவர்கள் ஹெபென் என்ற பழைய ஸ்பானியத் திராட்சையின் பிள்ளை இது என்று கண்டுபிடித்துக் கதையை முடித்துவிட்டார்கள். ஆனாலும் மதுக்கடைகளில் சிப்பாய் இன்னும் சாகவில்லை.

மூன்று பாட்டில், ஒரு தராசு

சோதனைக்கு மூன்று வாங்கினேன். முதலாவது மொந்தியாவின் இளம் ஒயின், பீப்பாயில் அதிகம் கிடக்காதது. தேயிலைத் தண்ணீர் நிறம், ஆப்ரிகாட்டும் தேனும் வாசம். இரண்டாவது ஹெரெஸின் சொலெரா ஒயின், கறுப்பு, உலர் அத்தி, காப்பி. மூன்றாவது வி.ஓ.ஆர்.எஸ். முத்திரை போட்ட அரைப் பாட்டில். சராசரி வயது 30 வருஷத்துக்கு மேல் என்று சான்று பெற்ற ஷெர்ரிக்குத்தான் அந்த முத்திரை, 20 வருஷத்துக்கு வி.ஓ.எஸ். மூன்றாவதை டிசம்பர் வரை திறக்கவில்லை. கடையில் வால்தெஸ்பினோ நிறுவனத்தின் எல் கந்தாதோ பாட்டில் ஒன்று கழுத்தில் குட்டிப் பூட்டோடு நின்றது, கந்தாதோ என்றால் பூட்டு. கிட்டத்தட்ட அந்தப் பூட்டுக்காகவே வாங்கியிருப்பேன்.

கிளாஸ் விஷயத்தில் ரொம்ப மெனக்கெடவில்லை. வாய் குறுகலான சின்ன வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். மிகச் சின்ன லிக்கர் கிளாஸில் விளிம்பு வரை ஊற்றித் தருகிறார்களே, அதில் வாசம் சேர இடமே இல்லை. சுழற்றிப் பார்த்தால் ஒயின் கண்ணாடிச் சுவரில் பழுப்புப் படலமாக ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும், சொலெரா ஒயினில் இது நன்றாகத் தெரிந்தது.

சூட்டைத்தான் கவனமாக அளந்தேன். இறைச்சி வேகிறதா என்று குத்திப் பார்க்கிற வெப்பமானி என்னிடம் இருந்தது. அதே சொலெரா ஒயின் 30 டிகிரியில் சாராய நெடி, திகட்டல். 18இல் குடிக்கலாம், ஆனால் இரண்டாவது வாய்க்கு மனம் வரவில்லை. 13இல் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. 6இல் இனிப்பு அடங்கி லேசாக இறங்கியது, ஆனால் காப்பி வாசம் காணாமல் போனது. குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரிகிறது, கூடவே வாசமும் குறைகிறது, இரண்டுக்கும் நடுவே பேரம் பேச வேண்டியதுதான். இளம் ஒயினுக்கு வாசம் எளிது, அதனால் 8 டிகிரியே நன்றாக இருந்தது.

அப்புறம் தராசு. 50 மில்லி தண்ணீர் 50 கிராம். 50 மில்லி சொலெரா ஒயின் 56 கிராமைத் தாண்டியது. தண்ணீரைவிட லேசான சாராயம் கலந்தும் இவ்வளவு கனம் என்றால் உள்ளே இருக்கிற சர்க்கரையை யோசித்துப் பாருங்கள். ஹெரெஸ் விதிப்படி பெத்ரோ ஹிமேனெஸ் என்று லேபிளில் போட லிட்டருக்கு 212 கிராமாவது இருக்க வேண்டும், நிஜத்தில் 400 கிராம் சாதாரணம். 50 மில்லியில் 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி சர்க்கரை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் சர்க்கரை நோய் பரம்பரைச் சொத்து. அன்றிலிருந்து ஒரு தடவைக்கு 25 மில்லிதான், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். இந்தச் சோதனை நான்கு மாதம் இழுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

இங்கேதான் முதல் ராத்திரி கேக் ஏன் தோற்றது என்று புரிந்தது. இந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே புளிப்புக் குறைவு. இனிப்பைத் தூக்கி நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை. எலுமிச்சை பிழியாத சர்பத் மாதிரி. அப்படியானால் இல்லாத புளிப்பும் உப்பும் கசப்பும் தட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தட்டுகளுக்குப் போனேன்.

தட்டுகள்

முதலில் தோற்றவை. தொசினோ தெ சியேலோ என்று ஹெரெஸில் ஒரு இனிப்பு, முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரைப் பாகும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. ஒயினைத் தெளியவைக்க வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மிச்சமான மஞ்சள் கருவைக் கன்னிமடங்களுக்குக் கொடுத்ததில் பிறந்த பலகாரம் என்று அங்கே சொல்வார்கள். ஒயின் கிடங்கின் பிள்ளை ஆயிற்றே, ஒயினோடு சேராமல் இருக்குமா என்று ஆசையாக வாங்கினேன். இரண்டும் சேர்ந்து நாக்கை முடக்கிவிட்டன. மூன்றாவது வாயில் ஒயினில் சாராயம் மட்டும்தான் தெரிந்தது. பால் சாக்லெட்டும் இதே கதை. கிறிஸ்துமஸுக்கு விற்கிற மாவுருண்டை மந்தெகாதோ வாயில் மாவாக ஒட்டியது, ஒயின் அதை இன்னும் பிசினாக்கியது. வீட்டுப் பெரியவர்கள் பலர் மந்தெகாதோவோடு இதைத்தான் குடிக்கிறார்கள், என் நாக்குக்கு அது ஒத்துவரவில்லை.

கோர்தோபாவின் சொந்த இனிப்பான பஸ்தெல் கோர்தோபெஸ் ஒரு பாடம் நடத்தியது. அடுக்கடுக்கான மொறுமொறு மாவுக்குள் நூல்நூலாகப் பூசணி ஜாம் வைத்தது. அப்படியே சாப்பிட்டால் ஒயினோடு சுமார்தான். ஆனால் பூசணியோடு உப்புக் கண்டம் போட்ட பன்றித் தொடையிறைச்சித் துண்டுகளையும் வைக்கிற வகை ஒன்று இருக்கிறது. அதோடு இளம் ஒயின் சட்டென்று ஒட்டிக்கொண்டது. இனிப்பு மாறவில்லை, உப்பு மட்டும்தான் கூடியது.

சாக்லெட்டில் கொக்கோ 50, 70, 85 சதவீதம் உள்ள மூன்றையும் வரிசையாக வைத்தேன். 70 நன்றாக இருந்தது, எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு 85தான். தனியாகத் தின்றால் முகம் சுளிக்க வைக்கிற கசப்பு, சொலெரா ஒயின் ஒரு வாய் போனதும் பால் விடாத காப்பியில் சர்க்கரை கரைந்த மாதிரி ஆகிவிடுகிறது. மேலே இரண்டு கல் உப்பு தூவினால் இன்னும் ஒரு படி. இதில் வரிசை முக்கியம். சாக்லெட் வாயில் உருகத் தொடங்கினதும் ஒயின். ஒயினைக் குடித்துவிட்டுச் சாக்லெட் கடித்தால் கசப்பு மட்டும் மிஞ்சும்.

பாலாடைக்கட்டிக்கு மூன்று சாயங்காலம் போயிற்று. நீலப் பூஞ்சைக் கட்டியும் பெத்ரோ ஹிமேனெஸும் ஸ்பெயினில் எல்லோரும் சொல்கிற ஜோடி, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன். வடக்கே அஸ்துரியாஸ் மலைகளில் குகைக்குள் முதிரவைக்கிற கப்ராலெஸ் கட்டியை வாங்கி வந்தபோது, பொட்டலத்தைத் திறந்ததும் கணவர் ஜன்னலைத் திறந்தார். அதில் பெரிய துண்டாக வெட்டியது என் முதல் தவறு. காரம் மாதிரி நாக்கைச் சுட்டது, ஒயின் எங்கோ போய்விட்டது. சுண்டுவிரல் நகம் அளவு கட்டி, ஒரு தேக்கரண்டி ஒயின் என்று குறைத்த பிறகுதான் இரண்டும் பேச ஆரம்பித்தன. உப்பு இனிப்பை வெட்டுகிறது, இனிப்பு பூஞ்சை நெடியை மடக்குகிறது, கடைசியில் வால்நட் மாதிரி ஒரு சுவை மிஞ்சுகிறது. சரி, ஊர் சொன்னது சரிதான்.

ஆனால் ஊர் சொல்லாத ஒன்று அதற்கு அடுத்த வாரம் கிடைத்தது. உப்பு அதிகம் போடாத புது ஆட்டுப்பால் கட்டி, தயிர் மாதிரி புளிப்பு. அதன் மேல் இளம் ஒயின் பத்துப் பன்னிரண்டு சொட்டு, கொஞ்சம் மிளகு. கப்ராலெஸைவிட எனக்கு இது மேல். காரணம் அதே புளிப்புதான். முதிர்ந்த மான்செகோ கட்டி மோசமில்லை, ஆனால் அதற்குச் சீமைமாதுளை அல்வாவே போதும், ஒயினை வீணாக்க வேண்டாம்.

ஐஸ்கிரீம் பற்றிச் சொல்லாவிட்டால் விட மாட்டீர்கள். வெனிலா ஐஸ்கிரீம் மேல் பெத்ரோ ஹிமேனெஸ் ஊற்றித் தருவது இங்கே உணவகங்களில் சர்வசாதாரணம். ஓர் இடத்தில் இரண்டு உருண்டை ஐஸ்கிரீமை ஒயின் குளத்தில் மிதக்கவிட்டுத் தந்தார்கள். அதைக் கரண்டியால் குடிக்க வேண்டியிருந்தது. ஒரு உருண்டைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதைவிட நல்லது, துணியில் கட்டித் தண்ணீர் வடித்த புளித்த தயிர், சர்க்கரை போடாமல், எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு, மேலே ஒயின். ஒரு நாள் முன்பே அதே ஒயினில் ஊறவைத்த உலர்திராட்சை நாலு. என் மாடித் திராட்சையில் பிழிந்த சக்கையைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தேனே, அது இங்கே பயன்பட்டது, விதையைத் துப்ப வேண்டியிருந்தாலும். ஒயினையே ஐஸ்கிரீமில் கலந்து உறையவைக்கலாமா என்றும் பார்த்தேன். அரை லிட்டர் கலவைக்கு 150 மில்லி ஊற்றினால் மறுநாளும் கூழாகத்தான் இருந்தது, சர்க்கரையும் சாராயமும் உறைய விடாது.

இனி ஆரஞ்சு. ஆரஞ்சை வட்டமாக நறுக்கி, பகலாவோ என்ற உப்புக் கண்ட காட் மீனை உப்புப் போக ஊறவைத்து உதிர்த்துப் போட்டு, வெங்காயத்தாள், கறுப்பு ஆலிவ், நிறைய ஆலிவ் எண்ணெய். அந்தலூசியாவில் குளிர்காலத்துக்கு இது ஏழைச் சாப்பாடு. இதன் மேல் இளம் ஒயினை ஒரு தேக்கரண்டி தெளித்துப் பார்த்தது தற்செயல், பாட்டில் மேசையில் திறந்து இருந்தது. பழத்தின் புளிப்பு, மீனின் உப்பு, எண்ணெயின் கசப்பு. நோட்டின் முதல் பக்கத்து வரியில் இருந்த மூன்றும் ஒரே தட்டில். நான்கு மாதத்தில் ஐந்துக்கு ஐந்து கொடுத்தது இதற்கு மட்டும்தான். மாடி வீட்டு அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என் அம்மா இதில் எண்ணெய் மட்டும்தான் ஊற்றுவாள்" என்று முறைத்தார். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது.

அடுப்பில்

சமைப்பதில்தான் அதிகம் கையைச் சுட்டுக்கொண்டேன். பன்றிக் கன்ன இறைச்சியை ஒயினில் மெதுவாக வேகவைக்கிற கர்ரியாதா இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. மெனுவில் பெத்ரோ ஹிமேனெஸில் வெந்தது என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம்பி, ஒரு கிலோ கறிக்கு 400 மில்லி ஊற்றி இரண்டு மணி நேரம் வேகவிட்டேன். 400 மில்லியில் 160 கிராம் சர்க்கரை. ஒன்றரை மணி நேரத்திலேயே அடி பிடித்தது. கிண்டிக் கிண்டிக் காப்பாற்றியது கறியாக இல்லை, கறித்துண்டு போட்ட அல்வாவாக இருந்தது.

மறுபடி செய்தபோது அளவைத் திருப்பினேன். ஓலோரோசோ என்ற இனிப்பில்லாத ஷெர்ரி 250 மில்லி, கறி மூழ்க மிச்சத்துக்கு எலும்புச் சாறு. வெங்காயம் இரண்டு, கேரட் ஒன்று, பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகு. கறி விரலால் பிட்டால் வருகிற பதம் வந்த பிறகு, கடைசி இருபது நிமிஷத்தில் மட்டும் சொலெரா பெத்ரோ ஹிமேனெஸ் 100 மில்லி. இறக்கும்போது ஷெர்ரி வினிகர் ஒரு தேக்கரண்டி. குழம்பு கறுப்பாகப் பளபளத்தது, இனிப்பு பின்னால்தான் நின்றது. இதோடு குடிக்க அதே இனிப்பு ஒயினை ஊற்றாதீர்கள். மிச்ச ஓலோரோசோதான் சரி.

அடுத்தது பாகு. வறுத்த கத்தரிக்காய் மேல் கரும்புத் தேன் ஊற்றித் தருவது கோர்தோபா மதுக்கடைகளின் அடையாளம். அந்தத் தேன் உண்மையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிய கறுப்புப் பாகு, மலாகா பக்கம் ஃப்ரிஹிலியானாவில் இன்றும் காய்ச்சுகிறார்கள். அதற்குப் பதில் ஒயினைச் சுண்டவைத்து ஊற்றலாம் என்று 200 மில்லியை அடுப்பில் வைத்தேன். கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. இறக்கி ஆறவைத்து, கத்தரிக்காயைப் பொரித்துவிட்டு வந்து பார்த்தால் சட்டியில் கமர்கட். கத்தியால் குத்தியும் அசையவில்லை.

கொதிக்கும்போது தண்ணியாகத் தெரிகிற பாகு ஆறினால் இறுகும் என்பது வெல்லப்பாகு காய்ச்சுகிற நமக்குத் தெரியாததா? ஒயின் என்ற பேரில் ஏமாந்துவிட்டேன். இப்போது கண்ணை நம்புவதில்லை, தராசுதான். காலிச் சட்டியை எடை போட்டுக் குறித்துக்கொள்கிறேன். 200 மில்லி ஒயின் சுமார் 226 கிராம், அதில் 80 கிராம் சர்க்கரை. சின்னத் தீயில் வைத்து, உள்ளே இருப்பது 120 கிராமுக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். சுடச்சுடப் பார்த்தால் போதாது போலத்தான் இருக்கும், ஆறினதும் சரியாகத் தேன் பதம். அதில் ஷெர்ரி வினிகர் ஒரு தேக்கரண்டி கலந்து, உப்புத் தூவின கத்தரிக்காய் மேல் நூலாக ஊற்றினேன். கரும்புத் தேனைவிட மேல் என்று சொல்ல மாட்டேன், வேறு மாதிரி. சுண்டவைக்க விலை குறைந்த பாட்டிலே போதும், நல்ல சொலெராவின் வாசமெல்லாம் புகைபோக்கியில்தான் போகும்.

டிசம்பர்

முப்பது வருஷத்து அரைப் பாட்டிலைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திறந்தேன். கிளாஸில் நடுவே கறுப்பு, சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் ஆலிவ் பச்சை கலந்த மஞ்சள். அடியில் கொஞ்சம் கசடு. முதல் வாயில் நான் எதிர்பார்க்காதது புளிப்பு. அத்தனை வருஷம் பீப்பாய் வழியே தண்ணீர் ஆவியாகப் போகப் போக, உள்ளே இருந்த சொற்பப் புளிப்பும் செறிந்துவிடுகிறது. பீப்பாய் மரத்தின் கசப்பும் இருந்தது. தட்டில் தேடித் தேடி வைத்ததை இது தானே கொண்டுவந்திருந்தது. அதனால் பக்கத்தில் எதை வைத்தாலும் இடைஞ்சலாகவே பட்டது. 85 சதவீதச் சாக்லெட் மட்டும் தாங்கியது. கப்ராலெஸ் கூடவே கூடாது.

ஹெரெஸில் கோன்சாலெஸ் பியாஸ் ஒயின் கிடங்கில் எலிகளுக்காக ஒரு கிளாஸ் இனிப்பு ஷெர்ரியும் அதில் ஏறிக் குடிக்கக் குட்டி ஏணியும் வைத்திருப்பார்கள், போகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்த எலிக்கு இருக்கிற வசதி எனக்கு இல்லை. அரைப் பாட்டிலை இருபத்தைந்து இருபத்தைந்து மில்லியாகப் பங்கு போட்டால் பதினைந்து பங்கு. நான்கு பங்கு போய்விட்டது, ஒன்று மாடிக்கு. மிச்சம் ஃபிரிட்ஜ் கதவில், வினிகர் பாட்டிலுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது.